நனைந்த தோல் வார்

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் டைரியும் அப்படி வந்ததுதான், சார். அன்றைய வேலைகளைக் காலையில் எழுதுவேன். முடிந்ததும் டிக் போடுவேன்.

ஆம்பூர் தோல் தொழிலாளர் சங்கக் கட்டடத்துச் சுவரோவியம் இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்றாம் வருடம் வரைந்தது. தோல் சுமக்கும் பதினோரு பேர். அதில் ஒரே பெண், சுந்தரியம்மாவின் தாய். போட்டோவே எடுக்காமல் இறந்துபோனவர். சுந்தரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஞாயிறுதோறும் வருவார். ஓவியத்தைப் புதுப்பிக்கும் வேலையை எங்கள் மாலை நேர ஓவிய வகுப்பிலிருந்து எனக்கும் சௌந்தர்யாவுக்கும் கொடுத்தார்கள்.

சாரத்தைக் கயிற்றால் கட்டலாம் என்றேன்.

"கயிறு எதுக்குடா? எங்க அப்பா டேனரில பச்சைத்தோல் வாரு கெடக்குது. ஈரமா கட்னா, காஞ்சதும் இரும்பாயிடும். அப்புறம் தண்ணி மட்டும் படக் கூடாது, இளகிடும்" என்றாள் சௌந்தர்யா.

அவள் வராத ஒரு திங்கட்கிழமை, கறை எடுக்கும் திரவத்தை ஜாஸ்தியாக விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் பஞ்சோடு வந்துவிட்டது. முன்பு செல்போனில் எடுத்த படத்தில் புகைக் கறைதான் தெரிந்தது. நினைவிலிருந்து வரைந்தேன்.

மறுநாள் சௌந்தர்யா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடா பரணி, அந்தம்மாவுக்கு உன் மூக்க வச்சிருக்க?" பிறகு சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெழமை சுந்தரியம்மா வரும். சொல்லிடலாம்டா. பேஜார்தான். ஆனா அது அவங்க அம்மாடா. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

அவள் சொன்னது நியாயம். நான்கு நாள் யோசித்தேன். சுந்தரியம்மா என் எதிரில் அழுவதை நினைத்தாலே தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். வயதானவரை அப்படித் துடிக்க விடலாமா என்று தோன்றியது. அவருக்காகத்தான் என்று முடிவு செய்தேன். அதில் இப்போதும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் சாரத்தின் நடுக்கட்டில் இருந்த தோல் வார் மேல் நனைத்த சாக்கைச் சுற்றி வைத்தேன். ஐந்து மணிக்கு எடுத்தேன். ஐந்தே காலுக்கு அவள் ஏறினாள். கீழே சிமெண்ட் தரை.

மறுநாள் சுந்தரியம்மா வந்தார். சௌந்தர்யாவுக்காக அழுதார். பிறகு சுவரைத் தொட்டு, "எங்கம்மா மூஞ்சி இப்பதான் தெளிவா தெரியுதுப்பா" என்றார். அன்றிலிருந்து என்னால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பயத்தில் செய்துவிட்டேன், சார். திட்டம் போட்டுச் செய்யும் ஆள் இல்லை நான். டைரியைப் பாருங்கள், சனிக்கிழமை காலை எழுதியது நான்கே வரி. தூரிகைகள் கழுவ வேண்டும். வானத்துக்கு வார்னிஷ். நடுக்கட்டுக்குச் சாக்கு. சௌந்தர்யா.

கடைசி டிக்கை மட்டும் உடனே போடவில்லை. அவள் மூச்சை இரண்டு தடவை சரிபார்த்தேன்.