தாங்குகட்டை

ஷவருக்கு அடியில் ஆள் நிற்கிற தட்டைப் பதிக்கும்போது அவசரப்படக் கூடாது, சார். அடியில் கலவையை ஒரே சீராகப் பரப்பி, நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது அடியில் வெற்றிடம் இருந்தால் ஆள் ஏறி நின்றதும் தட்டு நெளியும். ஒரு வருஷத்தில் விரிசல் விடும். நான் வைத்தது நெளியவில்லை. நீங்களே ஏறி நின்று பார்த்தீர்கள்.

மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து எங்கள் வீட்டோடு வந்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பழைய குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்ட அவரால் முடியவில்லை. தொட்டியைப் பெயர்த்துவிட்டு, சுலபமாகக் கால் வைக்கிற மாதிரி ஷவர் வைத்துத் தருகிறேன் என்று நானேதான் சொன்னேன். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுக்காகத்தான் எல்லாமே. தினமும் காலையில் அவரைக் குளிப்பாட்ட ஒரு மணி நேரம் ஆகும். கதவுக்கு இந்தப் பக்கம் நான் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுடைய பள்ளிக்கூட நாள் கதை எதையாவது அவர் எடுத்துவிடுவார். அவள் சிரிப்பது கூடம் வரை கேட்கும். வெளியே வந்ததும் முகம் வாடிவிடும். "முதுகு ஒடியுதுங்க," என்பாள். என்னிடம் சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

சுவர் வேலை எளிது. மரச்சட்டம், அதன்மேல் சிமெண்ட் பலகை, அதன்மேல் டைல்ஸ். கைப்பிடி வருகிற இடத்தில் மட்டும், பலகைக்குப் பின்னால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு தாங்குகட்டை கொடுக்க வேண்டும். ஆளைத் தாங்குவது அந்தக் கட்டைதான். வெறும் பலகையில் திருகினாலும் கைப்பிடி நிற்கும், துண்டு தொங்கவிடலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

கட்டையை அளந்து அறுத்து, நாலு திருகு போட்டு முடுக்கினேன். அப்போது மாமனார் ஊன்றுகோலோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பலமா இருக்குமா மாப்பிள்ளை?"

"நீங்க தொங்கினாலும் அசையாது மாமா."

"அப்ப இன்னும் பத்து வருஷம் ஓட்டிடலாம்னு சொல்லுங்க," என்று சிரித்தார். சமையலறையிலிருந்து அவளும் சிரித்தாள்.

அவர் நகர்ந்த பிறகு நாலு திருகையும் கழற்றினேன். கட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பலகையை மூடினேன். கோபமெல்லாம் இல்லை. டைல்ஸ் வரிசை நூல் பிடித்த மாதிரி வந்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள்.

வேலை முடிந்த பதினோராம் நாள் காலை, அவள் துண்டு எடுக்க வெளியே வந்தாள். "பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ போயிட்டு வாம்மா," என்றாராம். கைப்பிடி டைல்ஸோடு பிய்ந்து வந்துவிட்டது. பின்தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சுவரைச் சரிசெய்ய அவள் கூப்பிட்டு வந்த தச்சர் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "இங்க கட்டை போட்டுட்டு எடுத்திருக்காங்களே. திருகு போன தடம் அப்படியே இருக்கே," என்றார். அவர் உங்களிடம் வந்து சொன்னதும் அதுதான். கட்டை போட மறந்துவிட்டேன் என்று நான் சொன்னது பொய்.

அவள்மேல் தப்பே இல்லை, சார். "நான் துண்டெடுக்கப் போயிருக்கக் கூடாதுங்க," என்று நாள் முழுக்க அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. தலையைக் கோதிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். என் தோளில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். முதலில் அழுவாள். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுகூடச் சொல்லுவாள். அப்புறம் என்னிடம்தான் வருவாள். அவளுக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?