நல்ல மனுசன்னு எழுதிட்டீங்களே

…அது எப்படிண்ணே உங்களுக்கு எழுத மனசு வந்துச்சி? ‘கடைக்காரர் நல்ல மனுசன். தேத்தண்ணி நல்லா கலக்குவார்.’ அவ்ளோதான்! முந்நூறு பக்கம் புத்தகம். அதுல இந்தக் கனகராஜுக்கு ரெண்டே வரி. எதிர்த்தாப்ல டயர் கடை வச்சிருக்கானே சதாசிவம், அவனுக்கு முழுசா மூணு அத்தியாயம்! இல்ல, எந்திரிக்காதீங்க. உக்காருங்க மகேந்திரன்ண்ணே. விமலா, அண்ணனுக்கு ஒரு தே கலக்குறேன், கழுவி வச்ச தே மங்குல ஒண்ணு குடு. சீனி போட மாட்டேன்ண்ணே, பயப்படாதீங்க. எழுத்தாளருங்க எல்லாருக்கும் இப்ப இனிப்புநீருதான்.

நான் எங்க படிக்கப்போறேன்னுதானே நெனச்சீங்க? படிச்சேன்லா! என் பொண்டாட்டி விமலாவையே கேளுங்க. மத்தியானம் கடை காத்தாடுற நேரத்துல, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஒரு வரி விடாம. எங்கப்பா ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுன ஆளு, ஆனா என்னை தமிழ்ப்பள்ளிக்கு ஒழுங்கா அனுப்புனாரு. வேலை வாங்குற மண்டோர்கிட்ட அடி வாங்கிட்டு வந்துகூட, ‘படிடா’ம்பாரு. அந்த மண்டோர் கதையே தனி… அதை விடுங்க, உங்க புத்தகத்துக்கு வர்றேன். வில்லன் பேரை மாத்திப்புட்டா எங்களுக்குத் தெரியாதா? நம்ம குனோங் ராபாட்ல டயர் கடை, இடது காலை இழுத்து இழுத்து நடப்பான், வேற யாரு?

உங்க புத்தக வெளியீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? நாற்காலி அடுக்குனது யாரு? கேசரி யாரு குடுத்தது? நீங்க மேடையில என்ன பேசுனீங்க! ‘மனுசனுக்குள்ள ஒரு இருட்டு இருக்கு. அதைப் பாத்து மூஞ்சை சுளிக்கக்கூடாது. வெளக்கை எடுத்துக்கிட்டு கிட்ட போயி பாக்கணும். அதுக்குப் பேருதான் இலக்கியம்.’ அடேங்கப்பா! எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன், வடை மாவு கையோட.

ஆனா வெளக்கை எடுத்துக்கிட்டு எங்க போனீங்க? டயர் கடைக்குப் போனீங்க!

இப்ப பாருங்க. தஞ்சோங் மாலிம்லேருந்து யுனிவர்சிட்டி புள்ளைங்க வேன் புடிச்சி வருதுங்க. நம்ம கடையில ரொட்டி சானாய் சாப்புட்டுட்டு, ‘அங்கிள், கதையில வர்ற டயர் கடை எது’ன்னு என்கிட்டயே கேக்குதுங்க. என்கிட்டயே! போயி அவன்கூட நின்னு போட்டோ புடிக்குதுங்க. அவன் என்னடான்னா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, ‘நான் அப்படி எதுவும் சொல்லலம்மா… சத்தியமா சொல்லலம்மா’ங்கிறான். கெடச்ச பேரைக் காப்பாத்திக்கத் தெரியாத பய! அதுக்கு ஒரு பொண்ணு சொல்லுச்சாம், ‘மறுக்கிறதும் அந்த இருளோட ஒரு அடையாளம்தான்’னு. சொல்லிட்டு போன்ல எழுதி வேற வச்சிக்கிச்சி.

அவன் பொண்டாட்டி மங்களம் கோயிலுக்கு வர்றதையே விட்டுருச்சி. பூசைல உக்காந்தா பொம்பளைங்க நகந்து உக்காருறாங்களாம். நகரட்டுமே! அதுவும் ஒரு மரியாதைதானே? எனக்கு யாருண்ணே நகர்றா? ஒட்டி வந்து உக்காந்து, ‘அண்ணே, சாம்பார் இன்னும் கொஞ்சம்’ங்கிறாங்க.

நான் எதுல கொறஞ்சிட்டேன்? நேத்து பருப்பை இன்னைக்கி சாம்பார்ல கலந்திருக்கேன். சொந்தத் தம்பி வீட்டு புதுமனைக்கி வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன்… வயிறு நல்லாத்தான் இருந்துச்சி, வீடு ரெண்டு மாடின்னு கேள்விப்பட்டேன், அதான். சரி, இதெல்லாம் சில்லறை. இதை எழுதுங்கன்னு கேக்க மாட்டேன்.

ஆனா அந்த அஞ்சாவது அத்தியாயம்… மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு குடும்பத்தைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்க வர்ற எடம். அதைப் படிச்சப்ப கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டு மறுபடியும் படிச்சேன்ண்ணே. உங்க மக ஷாமினிக்கு நடந்ததைத்தானே எழுதியிருக்கீங்க? தெரியுது. ஆனா ரொம்ப மட்டமா எழுதிட்டீங்க, கோவிச்சிக்காதீங்க. உங்க வில்லன் என்ன பண்றான்? ‘அந்தப் பொண்ணு ஏற்கனவே ஒரு பையன்கூட சுத்துது’ன்னு பச்சையா சொல்றான். அலாமாக்! யாராச்சும் அப்படி சொல்லுவாங்களா? நாளைக்கி ‘எவன் சொன்னது’ன்னு வந்து சட்டையைப் புடிச்சா? அதெல்லாம் சினிமாக்காரன் பண்றது.

நடந்தது அப்படி இல்லண்ணே. நான் சொல்றேன் கேளுங்க.

அவங்க ஜெலாப்பாங்லேருந்து வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா, அம்மா, கூட ஒரு மாமா. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மேசை. ‘பின்வரிசை வீட்டுல மகேந்திரன்னு ஒருத்தர் இருக்காரே, குடும்பம் எப்படிங்க?’ன்னு அந்தப் பெரியவரு கேட்டாரு. நான் ஒடனே பதில் சொல்லல. தேயை ஆத்திக்கிட்டே இருந்தேன். மேல தூக்கி… கீழ ஊத்தி… மேல தூக்கி… நொரை பொங்குற வரைக்கும். அப்பறம் மங்கை மேசையில வச்சிட்டு, ஒரு பெருமூச்சு. ‘அவரு நம்ம வாடிக்கைக்காரருங்க… வேணாம். என் வாயால எதுக்கு?’

அவ்ளோதான்! அந்தம்மா மூஞ்சி மாறுச்சி பாருங்க, அந்த மூஞ்சியை நீங்க எழுதியிருக்கணும்ண்ணே! ‘எங்க இருந்தாலும் அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை வேற சேத்துக்கிட்டேன். அதுல ஒரு பொய் உண்டா? தேடிப் பாருங்க! ஒண்ணு இருக்காது.

…ஏன் அப்படிச் செஞ்சேனா? என்னைக் கேட்டா? அதை நீங்கதானே கண்டுபுடிச்சி எழுதணும், எழுத்தாளரு நீங்களா நானா? எனக்கே சரியா தெரியலண்ணே. ஷாமினிக்கு தஞ்சோங் மாலிம் கார் பேக்டரியில இஞ்சினியர் வேலை கெடச்சிருச்சின்னு லட்டு கொண்டாந்து குடுத்தீங்க. அந்த வாரம்தான் எங்க மக தினேஸ்வரியை ஒரு குடும்பம் வந்து பாத்துட்டு, ‘அப்பறமா சொல்றோம்’னு போச்சி. அப்பறம்னா அப்பறந்தான், சொல்லவே இல்ல. நான் இங்க நின்னு உங்க லட்டைத் தின்னேன். லட்டு ரொம்ப நல்லா இருந்துச்சி. அதான் கோவம் வந்துருச்சோ என்னமோ.

அப்பறம் சம்பந்தம் வேணாம்னு அவங்க சொன்னதும், நீங்க கண்ணெல்லாம் செவந்து வந்து நின்னீங்க. ‘கனகராஜ், அவங்க யாருகிட்ட விசாரிச்சாங்க?’ன்னீங்க. நான் யாரு பேரையாச்சும் சொன்னேனா? கழுத்தை மட்டும் இப்படி… லேசா… டயர் கடை பக்கம் திருப்புனேன். ‘அங்கதான் ரொம்ப நேரம் நின்னாங்க’ன்னேன். நின்னாங்கதானே! காடி டயருக்கு காத்தடிக்க நின்னாங்க. கோயில் கமிட்டியில நீங்களும் அவனும் முட்டிக்கிட்டு பேச்சு வார்த்தை இல்லாம இருந்தீங்க. மீதியை நீங்களே எழுதிக்கிட்டீங்க. முந்நூறு பக்கம்!

இப்ப சொல்லுங்க. யாரு வேலையை யாரு பேருல போட்டிருக்கீங்க? இது நியாயமா?

குடிங்கண்ணே, தே ஆறுது. ரெண்டாம் பதிப்பு வருமாமே, அதுல மாத்திருங்க. கொஞ்சம் நல்லா எழுதுங்க, அந்தப் பெருமூச்சை மட்டும் விட்றாதீங்க. ஷாமினி இன்னும் தஞ்சோங் மாலிம்லதானே? தனியாவா? அதுக்கப்பறம் எந்த மாப்பிள்ளையும் வேணாம்னுருச்சாமே… பாவம், நல்ல புள்ள. இந்தப் பக்கம் வந்தா ‘மாமா’ன்னு கூப்புட்டுட்டுத்தான் போகும்.

அண்ணே? கெளம்பிட்டீங்களா? ஒரு வாய்கூட குடிக்கல! காடி இங்கிட்டு நிக்கிது, எங்க போறீங்க? ரோட்டைப் பாத்து தாண்டுங்க, மோட்டார் வருது… அண்ணே!

விமலா! ஏய் விமலா, இங்க வாயேன். அங்க பாரு. டயர் கடைக்குப் போறாருடி. இத்தனை வருசமா அந்தப் பக்கமே திரும்பாத மனுசன்… சதாசிவத்தோட எண்ணெ கையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அழுவுறாரு பாரு. கெளம்புறப்ப என்கிட்ட ஒத்தை வார்த்தை பேசல! எல்லாம் செஞ்சவன் இங்க நிக்கிறேன், பேச்செல்லாம் அவன்கிட்ட!

மங்களமும் வெளிய வந்துருச்சி. என்ன சொல்றாரு… இங்கிட்டு கையைக் காட்டுறாரு. சதாசிவம் பாக்குறான். மங்களம் பாக்குது. டயர் மாத்த வந்தவன்கூட திரும்பிப் பாக்குறான்…

நீ எதுக்குடி என்னை அப்படிப் பாக்குற?

ஷட்டரை எறக்கு. மணி என்னவா இருந்தா என்ன… எறக்குன்னா எறக்கு லா!