பட்டியலில் ஒரே கர்னல்

கணினியை உள்ளிருந்து ஓட்டும் கர்னல் என்ற மென்பொருளைப் புதிதாக ஏற்றும்போது பழையதை அழிக்கக் கூடாது. எங்கள் வேலையில் இது பல் துலக்குவது மாதிரி, யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கணினியை இயக்கியதும் திரையில் ஒரு பட்டியல் வரும். புதியது மக்கர் செய்தால் பழையதைத் தேர்ந்தெடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

கணினியில் செருகிய ஒவ்வொரு கருவியோடும் பேசுவது கர்னல்தான். எதோடு பேச வேண்டும், எது வேண்டாம் என்று நாம் சொல்லித்தான் அதைக் கம்பைல் செய்து உருவாக்குகிறோம். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அப்படி ஒன்றை நான் செய்தேன். நோயாளிகளின் இதயத் துடிப்பு ஒரு கார்டு வழியாகக் கணினிக்கு வந்து, நர்ஸ் மேசைத் திரையில் ஓடும். தாளம் தப்பினால் அலறும். சோதனை நாட்களில் மூலைப் படுக்கைத் தையல்காரர் கேட்பார்: "என்னம்மா, என் நெஞ்சு உன் டிவியில நல்லா ஓடுதா?"

"ஹவுஸ்ஃபுல்ணே" என்பேன்.

எங்கள் மேலாளர் கூட்டத்தில் எழுந்து, "நானே உட்கார்ந்து செஞ்சேன்" என்றார். வெளியே வந்து கேட்டேன். சிரித்தார். "உங்க வீட்லயே நீதான மொத டிகிரி? அதான் பறக்குற. பேரெல்லாம் தானா வரும்மா. போய் எல்லாருக்கும் டீ சொல்லு."

சொன்னேன். வீட்டில் அம்மா, அக்கம்பக்கத்தில் "எம்பொண்ணுதான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரயே ஓட்டுறா" என்று அளந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தக் கார்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லி மறுபடி கம்பைல் செய்தேன். பழைய கர்னலை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து அழித்தேன். திறப்பு விழாவில் பெரியவர்கள் முன்னால் மேலாளர் கொஞ்சம் திருதிருவென்று விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விழாவில் அவர் பொத்தானை அழுத்தினார். அழகாக எழுந்தது. துடிப்புக் கோடு ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் கீழே கேன்டீனில் இருந்தேன்.

முதலில் நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, ஸ்கிரீன்ல ஒரு கோடும் வரல. ஆறு பேர் இருக்காங்க, நான் ஒருத்திதான். பழசையாவது போட்டுக் குடுங்கக்கா."

"சார் செஞ்சதும்மா. அவரையே கேளு."

பிறகு அவர். "ஏய், என்னத்தப் பண்ணித் தொலைச்ச? பட்டியல்ல ஒண்ணுதான இருக்கு?"

"நீங்களே உட்கார்ந்து செஞ்சதுதான சார்."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் போன் அடித்தது. மேசைமேல் அது நடுங்கி நடுங்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன். படுக்கையோரக் கருவிகள் மெதுவாகத்தான் கத்தும். கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்காது. அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த மேசைத் திரையே.

நர்ஸ் வேறொரு படுக்கையில் இருந்தபோது தையல்காரர் போய்விட்டார்.

கொலை என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: பென்டிரைவ் முழு நேரமும் என் பையில்தான் இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.