நாலாவது கட்டை

கோவத்தில வாசல்லயே நிண்டா எப்பிடி, கனகலிங்கம் அண்ணை? கராஜுக்குள்ள வாங்கோ. ஓம், உங்கட மகன் ரவிச்சந்திரன் எட்டு மாசமாச் சனிக்கிழமையெல்லாம் இதுக்கைதான் கிடந்தவன். இனி அவன் வரமாட்டான், ரொறன்ரோவில பொம்பிளை பாத்தாச்சு எண்டு சொல்ல வந்திருக்கிறியள். விளங்குது. சொல்லுங்கோ, ஆனா முதல் இதைப் பாருங்கோ. கொஞ்சம் குனியுங்கோ. வண்டி வயிறு இடிக்கும், எனக்கும் இடிக்கிறதுதான்.

இதுதான் வள்ளம். பாய் கட்டி ரேஸ் ஓடுறது. பிளானை எங்கையோ வாங்கிக்கொண்டு வந்தான். நகரத்தின்ர மற்றத் தொங்கல்ல, செவன் கிங்ஸில உங்கட கராஜ் இருக்க, ரெண்டு ட்ரெயின் மாறி இஞ்ச ரெய்னர்ஸ் லேனுக்கு ஏன் வந்தவனோ? உங்கட கராஜ் முட்டப் பழைய மாணவர் சங்கத்து ஆக்கள் குந்துற கதிரையெல்லோ! கதிரை வாங்கவே ஆறு மீற்றிங் வைச்ச ஆக்கள், அதை எடுக்கச் சொன்னா எத்தினை வைப்பியள்? சிரியுங்கோ அண்ணை, பல்லு விழாது.

வள்ளம் ரெண்டு மாசத்தில முடிஞ்சுது. மிச்சம் ஆறு மாசமும் இந்தக் கட்டைக்குத்தான். பாய்மரத்தின்ர கால் நிக்கிற கட்டை. மரம் சரிஞ்சு விழுமெண்டுதானே நினைப்பியள்? நானும் அப்பிடித்தான் நினைச்சன். இல்லையாம். மூண்டு பக்கமும் கம்பியை இழுத்து இறுக்கினா மரம் கீழதான் இறங்கப் பாக்கும். அடியில கிடக்கிறதோ அப்பளம் மாதிரி ஒரு பலகை. உங்கட மகன், பெரிய எக்கவுண்டன்ற், கட்டையைக் கொண்டுபோய் அந்த அப்பளத்திலயே ஒட்டினான். வள்ளத்தைப் பின் வளவில வைச்சு, மரத்தை நட்டு, கம்பியை இறுக்கினான். பொத்தெண்டு மரம் அடியால வந்து புல்லில நிண்டுது! அவன் முழுசின முழியைப் பாக்கோணுமே, கோயில்ல செருப்பைத் துலைச்ச ஆள் மாதிரி.

அப்பதான் சிவமலர் சிரிச்சவள்.

என்ர மகள் சிரிச்சு நீங்கள் கண்டிருக்கமாட்டியள். நானே இந்த ஊரில காணேல்லை. தாயை ஷெல்லுக்குக் குடுத்திட்டு எண்பத்தொன்பதில வந்தவள். இருபத்தாறு வயசுப் பிள்ளை, ரெண்டு வருசமா ஓம், இல்லை, அதுக்கு மேல ஒரு சொல் வராது. டொக்டர் குளிசை தந்தார், நீங்கள் நூல் கட்டச் சொன்னியள். ஒண்டும் சரிவரேல்லை. இந்த விசரன் வந்து ஒரு ஓட்டை போட்டான், பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு புல்லில இருந்து சிரிச்சாள். நான் குசினிக்குள்ள ஓடிப்போய் அழுதன் அண்ணை, வெக்கமில்லை, அழுதன்.

ஓட்டையை அடைச்சுப்போட்டு ரெண்டாவது கட்டையை அவனும் பிள்ளையுமாச் செய்தவை. அது கழண்டுது. மூண்டாவது வெடிச்சுது. என்ன, ஒரு கட்டை ஒட்ட ஆறு மாசமோ எண்டு கேக்கிறியளோ? நல்ல கேள்விதான்.

ரெண்டாவதின்ர பசை காய முதல், அதை இறுக்கிப் பிடிச்ச கிளாம்பைத் தளர்த்தி விட்டது நான். மூண்டாவதுக்கு உளி வைச்சதும் நான்தான். ஏன் பாக்கிறியள்? கட்டை நிண்டா வள்ளம் முடிஞ்சுது. வள்ளம் முடிஞ்சா அவன் ஏன் இஞ்ச வாறான், பிள்ளை ஆரோட கதைக்கும்? உளி பட்ட அடையாளத்தை உங்கட பெடியன் கண்டவன். என்ர மூஞ்சையை ஒருக்காப் பாத்தான். அடுத்த சனிக்கிழமை புதுக் கட்டையோட வந்து நிண்டான்.

இந்தா, இது நாலாவது. சிவமலர் தானே அளந்து அறுத்தது. ஓக் மரம். பலகையில இல்லை, வள்ளத்தின்ர விலாச் சட்டம் மூண்டுக்கும் குறுக்கால ஏத்தி வைச்சிருக்கிறாள், பாரம் முழு வள்ளத்துக்கும் பிரியுமாம். முந்தநாள் அவள் வேலைக்குப் போனாப் பிறகு சுத்தியலால போட்டன். அசையேல்லை. ஏறி நிண்டு துள்ளினன், இந்த உடம்போட. வள்ளத்துக்குக் கீழ முட்டுக் குடுத்த வாங்குப் பலகை முறிஞ்சு, இடுப்பும் பிடிச்சுப் போச்சு. கட்டை அப்பிடியே கிடக்கு.

இனி எனக்கு ஒரு வழியும் தெரியேல்லை அண்ணை. அதுதான் வாய் விட்டுக் கேக்கிறன், உங்கட பெடியனை என்ர பிள்ளைக்குத் தாங்கோவன்.