முந்நூற்று நாலாம் அறைக் காப்பி

அஷ்வின் அவர்களுக்கு,

உங்கள் ஹோட்டலில் துண்டுகள் மிகவும் சுத்தமாக இருந்தன. இதை நான் எங்கேயும் எழுதவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. மனிதன் புகார் எழுத உட்கார்ந்தால் நல்லதையெல்லாம் மறந்துவிடுகிறான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மங்களூரில் ஹோட்டல் மானேஜராக இருந்தாலும் நீங்கள் சேலத்துக்காரர் என்று என் மனைவி தமயந்தி சொல்லியிருக்கிறாள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். என் புகாரின் பேரில் வேலையை இழந்த உங்கள் சமையல்காரர் சதாசிவ பூஜாரியை மறுபடி சேர்த்துக்கொள்ள உங்கள் முதலாளிக்கு ஓர் எழுத்து ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். அவள் உங்களிடம், "அவரைக் கேளுங்கோ, எழுதிக் கொடுத்துடுவார். எழுதறதுன்னா அவருக்கு ரொம்ப ஆசை" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவள் சொன்னது சரிதான்.

முதலில் நான் யார் என்று தெரிய வேண்டும். அரசாங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் குடிநீர் பரிசோதிக்கும் கெமிஸ்டாக வேலை பார்த்தவன். மூன்று தலைமுறையாக நாங்கள் பெங்களூரில்தான் இருக்கிறோம், மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் இந்தப் பகுதியில் புதிதாக போர் போட்டாலோ டாங்கர் தண்ணீர் வாங்கினாலோ, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "வாட்டர் ஸார், ஸ்வல்ப நோடி" என்பார்கள், கொஞ்சம் பாருங்கள் என்று. நான் முகர்ந்து பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, தலையை ஆட்டினால்தான் குடிப்பார்கள். ஆட்டாவிட்டால் கொட்டிவிடுவார்கள். சில நாள் சும்மாவாவது ஆட்டாமல் இருந்து பார்ப்பேன்.

தமயந்தி கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் எதையும் கேட்டவளில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் ஒன்று கேட்டாள். சமையலறை ஜன்னலிலிருந்து சமுத்திரம் தெரிகிற மாதிரி ஒரு வீடு. மங்களூரில் மேட்டுப் பகுதியில், பத்தாவது மாடியில், அப்படி ஒரு ஃப்ளாட் இருப்பதாக அவளோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள். மல்லேஸ்வரம் வீட்டை விற்றுவிட்டு அங்கே போய் இருக்கலாம், எனக்கும் காற்று நன்றாக இருக்கும் என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மனைவியின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிற ஆள் நான் இல்லை. "போய்த்தான் பார்ப்போமே, ஊர் ஒத்துக்கிறதான்னு" என்றேன். ஆனால் அங்கே யார் என் வாசலுக்குப் பாட்டிலோடு வரப்போகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் ரயில் ஏறும்போது இருந்தது.

போன வருஷம் பிப்ரவரியில் யஷ்வந்த்பூரிலிருந்து பகல் ரயிலில் வந்தோம். சக்லேஷ்பூர் தாண்டி மலையிறங்கும் வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஊர் நடுவில் இருந்தால் எல்லாம் பக்கம் என்று உங்கள் ஹோட்டலில் அறை போட்டிருந்தேன். முந்நூற்று நாலு. எங்கள் பக்கத்து மனிதர்கள் வெளியூர் போனால் ஊர்த் தண்ணீரைக் கேனில் எடுத்துப் போவது வழக்கம், காப்பிக்காகவாவது. நானும் ஐந்து லிட்டர் எடுத்து வந்திருந்தேன். ஃபில்டர், காப்பிப் பொடி, இரண்டு தம்ளர். தமயந்தி கேனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்கேயே இருக்கப்போறவா இங்கத்த தீர்த்தம்தானே குடிக்கணும்? எனக்கு இந்த ஊர்த் தண்ணியே போறும்."

காப்பிக்கு மட்டும் கேன் தண்ணீர் என்று ராஜி ஆனோம். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஃப்ளாட் பார்க்கப் போக வேண்டும். ஆறரைக்கு நானே எழுந்து, அறையில் இருந்த கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, உங்கள் ஆட்களிடம் பால் வாங்கி, காப்பி போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் காப்பி அது. அவள் தம்ளரைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு டொரன்டோவில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் போன் போட்டு, "உங்கப்பா காப்பி போட்டுக் குடுத்தார்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளை அப்படிப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அது உண்மை.

எனக்கு மலச்சிக்கல் உண்டு. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து ஒன்று என் சவரப் பெட்டியில் எப்போதும் இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன்.

பத்து மணிக்குள் அவளுக்கு வயிறு போய்விட்டது. ஃப்ளாட் பார்க்கப் போக முடியவில்லை. மூன்று நாளும் அறைக்குள்ளேயே கழிந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். கேன் தண்ணீரில் கலந்தது. "தண்ணி ஒத்துக்கலை, வேற என்ன" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். முப்பத்து நாலு வருஷம் தண்ணீரே கதியென்று இருந்தவன் சொன்னால் யார்தான் ஆட்டமாட்டார்கள்.

விஞ்ஞானப்படி அதில் உண்மை குறைவு என்று எனக்குத் தெரியும். உங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் பரிசோதித்தேன். எங்கள் தெருத் தண்ணீரைவிட நன்றாக இருந்தது. பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தமயந்தி விடாக்கண்டி. செப்டம்பரில் மறுபடி கிளம்பினாள். அந்த ஃப்ளாட் இன்னும் விற்கவில்லை, இந்தத் தடவை பார்த்து முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்றாள். இரண்டாம் முறை எல்லாவற்றிலும் உஷாராக இருந்தாள். சீல் வைத்த பாட்டில் தண்ணீர்தான் குடிப்பது, தயிர் சாதம்தான் சாப்பிடுவது. என் காப்பியைப் பற்றி மட்டும் சந்தேகமே இல்லை. அது பெங்களூர்த் தண்ணீரில் போட்டது அல்லவா.

போன உடனே ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டாள். நானும் போனேன். சமையலறை ஜன்னலில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. "சமுத்திரம் தெரியறது, பாருங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரரைப் பார்த்து முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலை காப்பி போட்டேன். அன்று காப்பி நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் தப்பு. குடித்து முடித்துவிட்டுத் தம்ளரை நீட்டி, "ஏன்னா, இன்னும் ஒரு தம்ளர் இருக்கா?" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பெண்டாட்டி என் கையால் இரண்டாவது தம்ளர் கேட்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? என் பங்கையே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். டபராவில் தனியாக இருந்தது, ஒன்றும் கலக்காதது. அதை அப்படியே கொடுத்திருந்தால் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவன் என்று நினைக்கலாம். ஆனால் இரண்டாவது தம்ளருக்கும் ஓர் அளவு உண்டல்லவா. நான் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவன்.

அதற்குப் பிறகு இருவரும் கீழே இறங்கி வந்தோம். சதாசிவ பூஜாரி நீர்தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை அவளை இழுத்துவிட்டது. ஒன்றே ஒன்று, தேங்காய்ப்பூவும் வெல்லமும் வைத்துச் சாப்பிட்டாள். பத்தரை மணிக்கு மயங்கி விழுந்தாள். நீங்களே வண்டி ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள், நினைவிருக்கும். இரண்டு நாள் க்ளூக்கோஸ் ஏறியது. டாக்டர், "அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம்" என்றார். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் பாட்டில் தண்ணீர் குடித்தவளுக்கு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். பதில் ஒன்று வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது நீர்தோசைதான்.

பெயருக்குக் கீழே பழைய பதவியையும் போட்டு, உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். தோசை மாவில் கலந்த நீர் கெட்டுப்போனது என்று எழுதினேன். நீங்கள் சதாசிவ பூஜாரியைக் கூப்பிட்டு என் முன்னால் விசாரித்தீர்கள். அவர் சத்தம் போடவில்லை. மாவுக்கு ஊற்றும் தண்ணீரைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு எல்லோர் எதிரிலும் முழுக்கக் குடித்தார். "நீரு சென்னாகிதே, ஸார்" என்றார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொல்கிறார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. "உள்ளூர் வயிறு தாங்கும்" என்று சொல்லிவிட்டு, நான் தலையை ஆட்டவில்லை.

அவ்வளவுதான் செய்தேன். தலையை ஆட்டாமல் இருந்தேன். மறுநாள் தோசைக் கல்லருகே வேறு ஆள் நின்றார்.

அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் இருப்பதாக உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

முன்பணம் கொடுக்கவில்லை, ஃப்ளாட் கைவிட்டுப் போயிற்று. தமயந்தி அதற்குப் பிறகு மங்களூர் பேச்சே எடுக்கவில்லை. சமையலறை ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு காய் நறுக்குவாள். எனக்குச் சங்கடமாக இருக்கும். அப்போதெல்லாம் அவளிடம் ஏதாவது சிரிக்கப் பேசுவேன்.

ஜனவரியில் திடீரென்று, "நான் மட்டும் ஒரு நாலு நாள் போய்ட்டு வரேன். சமுத்திரத்துக்கு டாட்டா சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். எனக்கு அந்த வாரம் புது அபார்ட்மென்ட் ஒன்றின் தண்ணீர் விஷயமாகக் கூட்டம். அவர்கள் என்னைத் தலைமை தாங்கச் சொல்லியிருந்தார்கள். போய்விட்டு வா என்றேன்.

நாலு நாளும் உங்கள் ஹோட்டலில் குழாய்த் தண்ணீரையே குடித்தாளாம். தெருவில் கரும்புச் சாறு, பணம்பூர் கடற்கரையில் மசாலாப் பொரி, உங்கள் நீர்தோசை ஆறு. ஒன்றும் ஆகவில்லை. நான் முன்பே சொன்னேன், அவள் கணக்கு டீச்சர். இரண்டு தடவை இருந்து மூன்றாம் தடவை இல்லாமல் போனது எது என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

திரும்பி வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. பயணப் பெட்டியைப் பிரித்தாள், துணி துவைத்தாள், ரசம் வைத்தாள். என் சவரப் பெட்டியைக்கூடத் துடைத்து வைத்தாள். மூன்றாம் நாள் காலை வழக்கம்போலக் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். அருமையான காப்பி. நான் இரண்டாவது தம்ளர் கேட்டேன், கொடுத்தாள்.

அன்று எனக்கு அபார்ட்மென்ட்டில் இரண்டாம் கூட்டம். போகவில்லை. போக முடிகிற நிலையில் இல்லை. சாயங்காலம் அவள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம். பெங்களூர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கலை போலிருக்கே" என்றாள்.

அந்த வாரமே மங்களூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலில் முழுச் சமுத்திரமும் தெரிகிறதாம். எங்கள் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இப்போது நாலு மாதமாகிறது.

ஆகவே நான், மல்லேஸ்வரம் சீனிவாசராகவன், இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்: சதாசிவ பூஜாரியின் மாவிலும் நீரிலும் எந்தக் குறையும் இல்லை. அதையும் ஒரு பாட்டிலில் பிடித்து வந்து பரிசோதித்தேன். வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சுத்தமான தண்ணீர்களில் அது ஒன்று. மருந்தைக் கலந்தது நான். முதல் முறை ஒரு தம்ளரில், இரண்டாம் முறை இரண்டு தம்ளரில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை உங்கள் முதலாளியிடம் காட்டலாம், சதாசிவ பூஜாரியிடமும் படித்துக் காட்டலாம். அவரிடம் என் மரியாதையைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். செய்தது எல்லாம் தமயந்தியின் நன்மைக்காக என்பதை நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். புது ஊர்த் தண்ணீர் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது சிலருக்கு உடனே தெரியாது, ஐந்தாறு மாதம் கழித்துத்தான் தெரியும். இது என் அனுபவம். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஹோட்டலுக்குத்தான் சாப்பிட வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி நானும் வருகிறேன். உடம்புக்கு முடியாமல் போகும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டாமா.

ஐந்து லிட்டர் தண்ணீர் நானே கொண்டு வந்துவிடுவேன். அதே முந்நூற்று நாலாம் அறை கிடைத்தால் நல்லது. வேறு அறை என்றாலும் பரவாயில்லை, கெட்டில் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.