சாருக்கு ஒரு நாற்காலி

உங்கள் மேஜைமேல் போட்டிருக்கிற கண்ணாடியின் ஓரத்தை யாரோ சரியாகத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். இடது மூலையில் கை வைக்கும்போது பார்த்து வையுங்கள். வெட்டினால் உடனே வலிக்காது. காகிதத்தில் சிவப்பு பட்ட பிறகுதான் தெரியும்.

எந்த அறைக்குள் போனாலும் நான் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பேன். இத்தனை வருடம் கண்ணாடியோடு இருந்ததில் வந்த பழக்கம். நீங்கள் "சொல்லுங்க சார்" என்றீர்கள். அந்தச் சொல்லைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆளைவிட உயரமான கண்ணாடிப் பலகைகள் லாரியில் வரும். பெல்ட் போட்டு, கிரேனில் தூக்கி, சாய்வான இரும்புச் சட்டங்களில் நிறுத்துவோம். பிறகு மேஜைக்குக் கொண்டுபோய் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் அனுப்புவோம். நான் அங்கே போர்மேன். ஆனால் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அண்ணன். என்னைவிட மூத்தவரான லாரி டிரைவருக்கும் அண்ணன்தான்.

நான் எல்லோரையும் வாடா, போடா என்பேன். தவறாக நினைக்காதீர்கள். புதிதாக வருகிறவனிடம் கொஞ்ச நாள் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அவன் கை பழகிய பிறகு ஒருநாள் போகிற போக்கில் "டேய், அந்த முனையைப் பிடி" என்பேன். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய், அண்ணன் என்னை டா போட்டுட்டார் என்று சொல்வானாம். வேலை நிரந்தரமானது மாதிரி.

அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. கண்ணாடி சரியும்போது பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் இருக்காது. அதனால் ஆபத்து என்றால் "டேய்" என்று கத்த வேண்டும். காதில் விழுந்தவன் யாராக இருந்தாலும், என்ன ஏது என்று திரும்பிப் பார்க்காமல், இருந்த இடத்தைவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். யார் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். முதலாளியையே சொல்லலாம் என்று பழக்கியிருந்தேன். என்னையும் ஒருவன் ஒருமுறை சொன்னான். நான் குதித்தேன். நான் நின்ற இடத்தில் பலகை விழுந்து மாவானது. கையில் இந்தத் தழும்போடு போயிற்று. அவன் அதற்கு அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டான். "உயிரோட நிக்கிறேன்ல, அப்புறம் என்னடா மன்னிப்பு" என்றேன். பட்டறையே சிரித்தது.

அவன்தான் அரைமில்லி.

பெயர் வைத்தது நான். அரை மில்லிமீட்டர் தவறினாலும் பலகையை வாங்க மாட்டான். அதோடு ஆளும் பக்கவாட்டில் நின்றால் தெரியமாட்டான். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியே போன் செய்து, "அரைமில்லி இருக்காராண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். நல்ல வெட்டுக்காரன். அவனிடம் இருந்த குறை ஒன்றுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவான்.

முதலாளி எப்போதாவது வருவார். வந்தால் நடந்துகொண்டே, "எல்லாம் நல்லா போகுதா, ஏதாவது வேணுமா?" என்பார். அது பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று அரைமில்லி நிமிர்ந்து, "ரெண்டாவது கிரேன் பெல்ட்ல நூல் பிரியுதுங்க. அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றான். கோள் மூட்டவில்லை. அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்.

சொன்னது உண்மைதான். என்னிடம் சொல்லியிருந்தான். புது பெல்ட் கேட்டால் முதலாளி, போன தடவை வாங்கினது என்னாச்சு என்பார். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி பெல்ட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்று எல்லோர் முன்னாலும், "என்ன சார், இதையெல்லாம் வெட்டுறவங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஆளுங்களைக் கையில வச்சுக்கத் தெரியலைன்னா எப்படி சார்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த சார் எனக்குள்ளே இறங்கி, ராத்திரி முழுக்க ஒரு பக்கமாகப் படுக்க விடவில்லை.

மறுநாள் காலை அரைமில்லி உள்ளே வந்தபோது நான் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவரை நான் ஒரு வார்த்தை தரக்குறைவாகப் பேசியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு அவர்தான்.

முதல் நாள் அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். மற்றவர்களுக்கு விளையாட்டு இல்லை என்பது சாப்பாட்டு நேரத்துக்குள் புரிந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிறவன் ஒருவன் உண்டு. ஆடி ஆடி நடப்பதால் அவனுக்குக் கப்பல் என்று பெயர். அவன் தோளில் கிடந்த துணியை எடுத்து, அவர் உட்காரப் போன ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றான். நான் சிரித்தேன். ஒரே ஒரு முறைதான் சிரித்தேன். யார் யாருக்கு என்ன உத்தரவு போட்டீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். உத்தரவு எதுவும் இல்லை. அந்தச் சிரிப்புதான்.

பிறகு அது தானாக நடந்தது. சாருக்கு டீ சுடும், ஊதிக் குடுங்கடா என்பார்கள். சார் வர்றார், வழி விடுங்க என்பார்கள். பெரிய பலகையை ஒரு ஆளாகத் தூக்க முடியாது, எதிர்முனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். யாரும் வரமாட்டார்கள். சார் கையில அழுக்கு படலாமா என்று யாராவது கேட்பார்கள். அவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நிற்பார். பிறகு மெல்ல விட்டுவிடுவார். அரைமில்லி என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. உண்மைப் பெயரும் யாருக்கும் வாயில் வரவில்லை. அவர் வெட்டுகிற மேஜையை வேறொருவனுக்குக் கொடுத்தேன். சார் எதற்கு நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்றுதான்.

சம்பளத்தில் ஒரு காசு குறைக்கவில்லை. வேலை கொடுக்காமல் சம்பளம் கொடுத்தேன்.

ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் தனியாக நின்றபோது பின்னால் வந்தார். நான் குழாயை மூடவில்லை.

"அண்ணே, தப்புன்னா அடிங்க. திட்டுங்க. ஒரே ஒரு தடவை டேய்னு கூப்பிடுங்க, போதும். இந்த சார் வேண்டாண்ணே."

"என்ன சார் இது, மரியாதை குடுத்தா குத்தமா?" என்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை அவரே மூடிவிட்டுப் போனார். தண்ணீர் வீணாவது அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் அவருக்கு நாற்காலி போடச் சொன்னேன். எங்கள் பட்டறையில் நாற்காலி கிடையாது. ஸ்டூல்தான். அவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. எங்கே போடட்டும் என்று கப்பல் கேட்டான். நல்ல வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போடு என்றேன். வெளிச்சம் இருக்கிற இடம் இரண்டாவது கிரேன் போகிற பாதைக்குக் கீழே. அது எனக்குத் தெரியும். கப்பலுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசினோம்.

அவர் காலையில் வந்து அதில் உட்காருவார். சாயங்காலம் எழுந்து போவார். ஏன் வேலையை விட்டுப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்திருக்கிறேன். அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்குக் கோபம் தணிஞ்சிடும், அதுவரைக்கும் பொறுத்துக்கணும்னு சொல்றாருண்ணே. ஆனா வீட்ல சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடறார். வாங்கன்னு சொல்லாதேங்கறார். கட்டின நாள்லேர்ந்து அப்படித்தாண்ணே கூப்பிடறேன். நான் வேற எப்படிக் கூப்பிடறது?"

எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் இல்லை. எனக்கும் தங்கை இருக்கிறாள். சாரோட நாங்க எல்லாரும் நல்லாத்தாம்மா இருக்கோம் என்று சொன்னேன். சார் என்றதும் அவள் என் முகத்தையே பார்த்தாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி மறுபடி வந்தார். நாற்காலியைப் பார்த்து, இவர் யாரு, புதுசா என்று கேட்டார். சார்தான் என்றான் கப்பல். எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே முதலாளியும் சிரித்தார். போகும்போது என் தோளில் தட்டி, "இப்பதான் தம்பி பட்டறை உன் கையில இருக்கு" என்றார். நான் மறுபடி தம்பியானேன்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது பெல்ட்டை முதலாளி அந்த வாரமே அனுப்பிவிட்டார். என் அறை அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. இப்போதும் இருக்கும், ஆள் அனுப்பிப் பாருங்கள். மாற்றுவதற்கு அரை நாள் கூட ஆகாது. ஆனால் மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். பழையது இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும், அவர் சொன்னது வீண் பேச்சு என்று தெரியட்டும், பிறகு மாற்றலாம் என்றிருந்தேன். அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பெல்ட் தாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பட்டறையிலேயே அது தாங்க வேண்டும் என்று அதிகம் வேண்டிக்கொண்டவன் நான்தான்.

அன்று மதியம் கப்பல் கனமான கண்ணாடிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கீழே நின்று, கையில் இருக்கிற பொத்தானை அழுத்தி ஓட்டுகிற கிரேன் அது. அவன் பார்வை மேலே இருந்தது. நான் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் கேட்டது எனக்குத்தான். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தேன். பெல்ட்டின் ஒரு பக்கம் பிரிந்து, கட்டு லேசாகச் சாய்ந்து நின்றது. நாற்காலிக்கு நேர் மேலே.

நேரம் இருந்தது. அதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டேய் என்று சொல்ல என்ன நேரம் வேண்டும்? அவர் உடம்பு தானாகக் குதித்திருக்கும். நான் பழக்கிய உடம்பு. அந்தச் சொல் என் நாக்குக்கு வந்துவிட்டது. அதன் ருசிகூடத் தெரிந்தது. சொன்னால் அவரை மறுபடி உள்ளே சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று தோன்றியது. இத்தனை நாள் பிடித்து வைத்ததை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதா என்று தோன்றியது. அந்த நேரத்தில் இவ்வளவு யோசிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடிகிறது.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா" என்றேன்.

கப்பலும் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். அவன் வாயிலும் சார் என்றுதான் வந்தது.

அவன் குதிக்கவில்லை. இன்னொரு கேலி என்று நினைத்திருப்பான். நாற்காலியில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினான். ரொம்ப நாளைக்குப் பிறகு நானாக அவனிடம் பேசியிருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

"சொல்லுங்கண்ணே" என்றான்.

முதலாளி அவன் சாவை விபத்து என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

நேற்றுக் காலை பட்டறை திறந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஓரம் தேய்க்கிறவன் மெஷினை நிறுத்தினான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவ்வளவு அமைதியை அந்த இடத்தில் நான் கேட்டதே இல்லை. கப்பல் ஆடி ஆடி வந்தான். எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து, தோளில் கிடந்த துணியால் துடைத்து, வெளிச்சமான இடத்தில் போட்டான்.

"உக்காருங்க சார்" என்றான்.

அவன் குரலில் கேலி இல்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் வளர்த்த பிள்ளைகள். ஒருவன்கூட அண்ணே என்று சொல்லவில்லை. சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருந்தேன். இன்று நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பெல்ட்டை மாற்றாதது நான். நாற்காலி போட்டது நான். கூப்பிட வேண்டிய மாதிரி கூப்பிடாதது நான். என்ன தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் கொடுத்தது மரியாதைதான் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கோபம் வந்தால் திட்டுங்கள். அடிக்க வேண்டுமென்றால் அடியுங்கள். என்னைவிடச் சின்னவர்தான், பரவாயில்லை, டேய் என்றே கூப்பிடுங்கள்.

இந்த சார் மட்டும் வேண்டாம்.