ஆறு மணி டிக்

டிவியை நிறுத்தினதுக்காக அப்புறமாத் திட்டுங்க டாடி. மேட்ச் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல ஒரு கதை இருக்கு, மம்மி சிஸ்டரா வேலை பார்க்கிற வார்டுல நடந்தது. கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. ஆனா பேஷண்ட் கட்டில்லேர்ந்து பார்த்தா சிரிப்பு வராது. இருங்க, ஸ்டூலை ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன். தலையை மட்டும் இந்தப் பக்கம் வைங்க, போதும்.

எங்க விட்டேன்... இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா. சரி.

எப்படி ஆரம்பிக்கிறது சொல்லுங்க, இந்த வீட்டுல ஒரு மனுஷி நிம்மதியாக் கதை சொல்ல முடியுதா. கிறிஸ்மஸ் ஸ்டாரை நானே கட்டுவேன்னு ஏணியில ஏறினது நீங்க. ரெண்டு குதிகாலையும் உடைச்சுக்கிட்டது நீங்க. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டோட ராஜா மாதிரிப் படுத்திருக்கிறதும் நீங்க. பியூசி பரிட்சையைத் தலையில வெச்சுக்கிட்டு, பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் டீ போடறது மட்டும் நான்.

வர்றவங்களாவது சும்மா டீயைக் குடிச்சிட்டுப் போறாங்களா. உங்க முதுகுக்குக் கீழ செவந்திருக்குன்னு எப்படித்தான் தெருவுக்கே தெரிஞ்சதோ. சரசு ஆன்ட்டி தேங்காயெண்ணெய் பாட்டிலோட வந்து நிக்கறாங்க. மலையாளம் கலந்து மூக்காலயே பேசுவாங்கல்ல, "மோலீ... நல்லா அழுத்தித் தேய்ச்சு விடும்மா, ரத்தம் ஓடட்டும்." எதிர்வீட்டு பசவராஜ் அங்கிள் பழைய ஸ்கூட்டர் டியூபைத் தூக்கிட்டு வராரு, பாதி கன்னடம் பாதி தமிழ். "ஏனு தேவநேசன் சார், காத்தடிச்சு இதுமேல குந்துங்க, ஒந்தே வாரம், ஒரே வாரம், ஃபஸ்ட் கிளாஸ்." மம்மி ரெண்டையும் வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. செவந்த தோலைத் தேய்ச்சா உள்ள இன்னும் நசுங்கும், வளையத்துல உக்காந்தா சுத்தி இருக்கிற ரத்தமும் நின்னுடும். அந்தக் குரல்ல சொல்லணும், இருங்க, "தேய்க்க வேணாம். திருப்புங்க. ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்புங்க. வினிதா, இதை நான் எத்தனை வாட்டி சொல்றது?"

சிரிச்சிட்டீங்க பாருங்க. இது இல்ல சிரிப்பு. இது சும்மா உப்பு, காரம்.

அட, கீழ பாருங்க. பசவராஜ் அங்கிள் அந்த டியூபையே திரும்ப ஸ்கூட்டர்ல மாட்டிட்டிருக்காரு. தெரியலையா? தோளைக் கொஞ்சம் தூக்குங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கங்க, நான் இடுப்புக்குக் கை குடுக்கறேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமா... இப்ப தெரியுதா. பாவம், அது உங்களுக்கும் ஆகலை, ஸ்கூட்டருக்கும் ஆகலை. முதுகுக்கு இந்தத் தலையணை இருக்கட்டும், சாஞ்சு பார்க்க வசதி. முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு. கட்டும் கட்டும் மோதினா சத்தம் வருது, என் கதை கெட்டுடும்.

சரி, வார்டு. ஒரு பேஷண்ட். பேர் வேணாம். ஃபேக்டரி ஆளு. மல்லாக்கப் படுத்தாத்தான் டிவி தெரியும்னு ஒரே பிடிவாதம். முதுகெலும்பு முடியற இடத்துல பத்து ரூபாய்க் காசு அளவுக்கு செவப்பு. விரலை வெச்சு அழுத்தி எடுத்தா அந்த இடம் வெளுத்துட்டு மறுபடி செவக்கணுமாம். அவருக்கு வெளுக்கவே இல்லை. அப்படின்னா தோலுக்கடியில ரத்தம் போய்ச் சேரலைன்னு அர்த்தம். புண்ணா வெடிச்சா மாசக்கணக்குல ஆறாது.

என்ன? ஒண்ணுமில்ல டாடி, கொசு. பெட்ஷீட் மடிப்பையும் இழுத்து விட்டுட்டேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, கட்டில்ல மாட்டியிருக்கிற சார்ட்டைப் பார்த்தா அவரு உத்தமர். எட்டு மணி இடது, பத்து மணி வலதுன்னு ஒரு கட்டம் விடாம டிக். சிஸ்டருக்கு மண்டை காயுது. சுகர் டெஸ்ட் எடுத்தாங்க, மெத்தையை மாத்தினாங்க. இருபது வருஷம் எத்தனையோ பேர் முதுகைக் காப்பாத்தினவங்க, இந்த ஒரு முதுகு ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு கிச்சன்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதாங்க. வார்டுல ஏது கிச்சன்னு கேக்காதீங்க. கதை இது.

உங்க ஹெப்பாள் ஃபேக்டரியில உமேஷ்னு ஒருத்தர் இருந்தாரே, பேரிங்குக்கு கிரீஸ் வைக்காமலே செக் ஷீட்டுல டிக் போட்டவர். ஷாப் ஃப்ளோர் முழுக்கக் கேக்கிற மாதிரி நீங்க கத்தினீங்களாமே, "டேய் உமேஷு, டிக் போட்டா பேரிங் சுத்துமாடா? காகிதத்துக்கா கிரீஸ் வெச்சே?" உங்க குரல் சரியா வந்துச்சா? இந்த பேஷண்டும் அதே கேஸ்தான். சூப்பர்வைசரா நீங்க இவரை என்ன பண்ணுவீங்க? மெமோவா... சஸ்பெண்டா? ரெண்டுமேவா. சரி, நீங்களே சொல்லிட்டீங்க.

மாட்டினது எப்படின்னு கேளுங்க. அப்ப மணி நாலுதான். நாலு மணிக் கட்டத்துல டிக், சரி. ஆறு மணிக் கட்டத்துலயும் டிக். எட்டு மணிக்கும். கீழ ரெண்டு கோடு இழுத்து "டி.என்."னு சூப்பர்வைசர் கையெழுத்து வேற.

தலையணைக்கு அடியில தேடாதீங்க. பேனா என்கிட்ட இருக்கு.

...

நான் மட்டும் யோக்கியம்னு சொல்லலை. முதல் பொய் டிக் நான் போட்டதுதான். போன செவ்வாய், மத்தியானம் ரெண்டு மணி. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, எழுப்பினாக் கத்துவீங்கன்னு டிக்கை மட்டும் போட்டுட்டு போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். நீங்க தூங்கலை, நான் டிக் போட்டதைப் பார்த்திருக்கீங்கன்னு இப்பத்தானே தெரியுது. மறுநாள் குறுக்கெழுத்து போடணும், ஒரு பேனா வேணும்னு கேட்டீங்க. வாங்கிக் குடுத்ததும் நான்தான். சஸ்பெண்ட் பண்றதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துப் பண்ணுங்க.

அது கொசுவும் இல்லை. நான்தான் விரலை வெச்சேன். ஓரத்துல வெளுக்குது டாடி. நடுவுல இன்னும் இல்லை. நாளைக்குள்ள வெளுக்கலைன்னா மம்மி உங்களைக் கட்டிலோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, நிஜமா.

சிரிப்பு எங்கயா? சொன்னேனே, பேஷண்ட் கட்டில்லேர்ந்து பார்த்தா வராதுன்னு. கோவம் போகலைன்னா ரிமோட்டை எடுத்து மேட்சைப் போட்டுக்கங்க.

என்ன, டிவியைக் காணோமா?

ஆமா டாடி. அது உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு. இருபது நிமிஷமா.